1890களின் வால்தம் பாக்கெட் கடிகாரம்: உடைந்த பேலன்ஸ் ஸ்டாஃபுக்கு மாற்று எங்கே தேடுவது?

பழையமுள்:
வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்துவரும், அமெரிக்காவின் வால்தம் நிறுவனத்துப் பாக்கெட் கடிகாரம் ஒன்றை மீண்டும் ஓடவைக்க விரும்புகிறேன். வெள்ளை எனாமல் டயல், ரோமன் எண்கள், ஆறு மணி இடத்தில் நொடிக்கென்று தனியாக ஒரு சிறு வட்டம். இயந்திரத்தின் மேல்தட்டில் நிறுவனத்தின் பெயரோடு ‘பி. எஸ். பார்ட்லெட்’ என்ற பெயரும், 72 லட்சத்தை ஒட்டிய ஒரு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. கேஸின் பின்மூடிக்குள் இருக்கும் எண் வேறாக இருக்கிறது. எனவே யாரோ இடையில் எதையோ மாற்றிவிட்டார்களோ என்ற ஐயமும் உண்டு.

இப்போதைய நிலை இதுதான். சாவி கொடுத்தால் டிக் டிக் என்ற ஒலி வருகிறது, ஆனால் எவ்வளவு திருப்பினாலும் முறுக்கு ஏறுவதில்லை. முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரம் ஒருபுறமாகச் சாய்ந்து தட்டில் உரசி நிற்கிறது. நொடிமுள் இல்லை, முகப்புக் கண்ணாடியும் இல்லை. ஊரில் விசாரித்த கடைகளில் இதற்கெல்லாம் ஸ்பேர் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஒருவர் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு குவார்ட்ஸ் மெஷின் வைத்துத் தருவதாகச் சொன்னார். அதில் எனக்குச் சம்மதமில்லை. உதிரிபாகங்களை எங்கிருந்து, எந்த வரிசையில் தேடத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊசல்:
குவார்ட்ஸ் யோசனையை மறுத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். தேடத் தொடங்குவதற்கு முன் உங்கள் கையில் இருப்பது என்ன என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சாகிய ஸ்டாஃபை, ‘வால்தம் ஸ்டாஃப் வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் எந்த உதிரிபாக வணிகராலும் பதில் சொல்ல இயலாது.

முதலில் அந்தப் பெயர்க் குழப்பம். ‘பி. எஸ். பார்ட்லெட்’ கடிகாரத்தைச் செய்தவரும் அல்லர், அதன் உரிமையாளரும் அல்லர். வால்தம் நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவரின் பெயரை அந்நிறுவனம் ஒரு தரவரிசைக்குச் சூட்டி, பல மாடல்களில் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. ஆகவே அந்தப் பெயரை வைத்து உதிரிபாகம் தேடக் கூடாது. உதிரிபாகம் மாடலைச் சார்ந்தது. 72 லட்சத்தை ஒட்டிய எண் என்றால் 1890களின் நடுப்பகுதி. பெரிய அளவுள்ள முழுத்தட்டு இயந்திரம் (மேல்தட்டு ஒரே முழு வட்டமாக இருப்பது) என்றால் பெரும்பாலும் 1883 மாடலாக இருக்கும். வால்தம், எல்ஜின், ஹாமில்டன் முதலிய அமெரிக்க நிறுவனங்களின் வரிசை எண்களைத் தேடிப் பார்க்கும் தரவுத்தளங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. எண்ணை உள்ளிட்டால் மாடல், அளவு, அச்சு முனைகளைத் தாங்கும் கற்களின் எண்ணிக்கை, தோராயமான ஆண்டு ஆகியவை கிடைத்துவிடும்.

கேஸின் எண் பொருந்தாதது இயல்பே. அக்காலத்தில் அமெரிக்காவில் இயந்திரத்தை ஒரு நிறுவனமும் கேஸை வேறொரு நிறுவனமும் செய்தன. வாங்குபவர் கடையில் இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பார், கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். அதனால் கேஸ் எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கவும் முடியாது, உதிரிபாகம் தேடவும் முடியாது.

அடுத்து அளவு. டயலை அடுத்துள்ள அடித்தட்டின் விட்டத்தை வெர்னியர் காலிபரால் அளந்து சொல்லுங்கள். ஏறத்தாழ 44.9 மி.மீ. வந்தால் அது 18 அளவு; 43.2 மி.மீ. வந்தால் 16 அளவு. அமெரிக்க முறையில் பூஜ்ய அளவு என்பது ஓர் அங்குலமும் அதன் மேல் முப்பதில் ஐந்து பங்கும் ஆகும். ஒவ்வொரு அளவுக்கும் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகும். சுவிட்சர்லாந்துக்காரர்கள் லிங் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு லிங் 2.256 மி.மீ. விற்பனையாளர்கள் இவ்விரண்டையும் கலந்து எழுதுவதால் மில்லிமீட்டரில் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

பழையமுள்:
நன்றி ஐயா. அடித்தட்டின் விட்டம் 44.8 முதல் 44.9 வரை காட்டுகிறது. வரிசை எண்ணைத் தேடியதில் 1883 மாடல், 18 அளவு என்றே வந்தது. அப்படியென்றால் உதிரிபாகம் கிடைக்க வாய்ப்பு உண்டா? நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பொருளாயிற்றே என்பதுதான் என் கவலை.

லேத்துமேசை:
வாய்ப்பு நிறையவே உண்டு. பழமையை வைத்து மட்டும் இதைக் கணிக்க இயலாது. அமெரிக்கத் தொழிற்சாலைக் கடிகாரத்தின் சிறப்பே பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது. டென்னிசனும் ஹோவர்டும் 1850இல் தொடங்கி, 1854இல் வால்தம் ஊருக்குக் கொண்டுசென்ற தொழிற்சாலை, எந்திரங்களால் ஒரே அளவில் பாகங்களைச் செய்யும் முறையைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தது. 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போன லாஞ்சின் நிறுவனத்தின் ஜாக் டேவிட், அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு சுவிஸ் முதலாளிகளை எச்சரித்து அறிக்கை எழுதும் அளவுக்கு அந்த முறை வெற்றி பெற்றிருந்தது. உங்கள் 1883 மாடல் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டது. பழுதுபார்ப்பவர்களுக்காகத் தனியாகச் செய்து காகித உறைகளிலும் கண்ணாடிக் குழாய்களிலும் அடைத்து விற்ற புதிய பாகங்களும் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எனினும் இந்த ‘மாற்றிக்கொள்ளலாம்’ என்பதற்கும் எல்லை உண்டு. பேலன்ஸ் ஸ்டாஃபையே எடுத்துக்கொள்வோம். உங்கள் பேலன்ஸ் சாய்ந்து நிற்கிறது என்றால் ஸ்டாஃபின் ஒரு முனையிலுள்ள பிவட், அதாவது கல்லுக்குள் சுழலும் மெல்லிய நுனி, முறிந்திருக்கிறது என்று பொருள். அந்த முனையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். அதிர்ச்சியைத் தாங்கும் இன்காப்ளாக் போன்ற அமைப்புகள் 1930களில்தான் வந்தன. அதற்கு முந்தைய கடிகாரம் மேசையிலிருந்து விழுந்தால் முதலில் போவது இந்த முனைதான். முழுத்தட்டு இயந்திரத்தில் பேலன்ஸ் மேல்தட்டுக்கும் மேலே, வெளியில் துருத்திக்கொண்டு அமர்ந்திருப்பதால் மூடியைத் திறந்து வேலை செய்யும்போது கைபட்டு முறிவதும் உண்டு.

மாற்று ஸ்டாஃப் வாங்கும்போது ஐந்து அளவுகள் ஒத்துப்போக வேண்டும்: மொத்த நீளம், பேலன்ஸ் கை அமரும் இடத்தின் விட்டம், ரோலர் என்ற சிறு வட்டத்தகடு அமரும் இடத்தின் விட்டம், மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கைப் பிடிக்கும் காலட் என்ற வளையம் அமரும் இடம், பிவட் முனையின் பருமன். 18 அளவு வால்தமிலேயே ஒற்றை ரோலருக்கு ஒரு ஸ்டாஃப், இரட்டை ரோலருக்கு வேறொன்று. ஒரே எண்ணுள்ள ஸ்டாஃப்கூட இரண்டு மூன்று பிவட் பருமன்களில் வந்திருக்கிறது. வால்தம் அதை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் குறித்தது. பிவட் சுழலும் உங்கள் துளைக்கல்லின் துளை 0.13 மி.மீ. என்றால் அதே பருமனுள்ள பிவட் உள்ளே சுழலாது; நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இடைவெளி வேண்டும். எனவே உடைந்த ஸ்டாஃபை எக்காரணம் கொண்டும் தூக்கி எறியாதீர்கள். முறியாத மறுமுனையை மைக்ரோமீட்டரில் அளந்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஸ்டாஃபை வெளியே எடுக்கும் முன் பேலன்ஸ் கையின் நடுவே பாருங்கள். அங்கே நீல நிறத்தில் ஓர் எஃகு வளையம் தெரிந்தால், உங்களிடம் இருப்பது அழுத்திச் செருகிய ஸ்டாஃப். நீல வளையம் பேலன்ஸோடு நிரந்தரமாக ரிவிட் செய்யப்பட்டது, அதைத் தொடக் கூடாது; ஸ்டாஃபை மட்டும், பாகத்தைத் தாங்கி நேராகத் தட்ட உதவும் ஸ்டேக்கிங் கருவியில் வைத்துத் தட்டி வெளியேற்றலாம். வளையம் இல்லையென்றால் ஸ்டாஃபே ரிவிட் செய்யப்பட்டிருக்கிறது. அப்போது சுத்தியால் தட்டினால் பேலன்ஸ் கையின் துளை விரிந்துவிடும், பிறகு எந்தப் புதிய ஸ்டாஃபும் நேராக அமராது. லேத்தில் பிடித்து ரிவிட்டைக் கடைந்து எடுத்துவிட்டுத்தான் வெளியே தள்ள வேண்டும். எஃகு கையும் எஃகு ஸ்டாஃபும் சேரும் இடம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் என்பதால், லேத் பழக்கமில்லாதவர்கள் இதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

டொராண்டோ மணிக்கூடு:
லேத்துமேசை அண்ணை சொன்னது முழுவதும் சரி. ஆனால் வீட்டில் லேத் இல்லாத ஒருவருக்கு இன்னொரு வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாஃபைத் தனியாகத் தேடாமல், ஸ்டாஃப், ரோலர், ஹேர்ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த முழு பேலன்ஸையே வேறொரு 1883 மாடல் இயந்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே வட அமெரிக்காவில் கேஸ் இல்லாத வெறும் இயந்திரங்கள் ஏராளமாக விலைக்கு வருகின்றன. தங்கம், வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய மணிக்கூடுகளின் கேஸை உருக்கக் கொடுத்துவிட்டு உள்ளே இருப்பதை மொத்தமாக விற்றுவிடுவார்கள். வருத்தப்பட வேண்டிய செயல்தான், ஆனால் இன்று நமக்குக் கிடைக்கும் உதிரிபாகங்களில் பெரும்பகுதி அப்படி வீடிழந்த இயந்திரங்களிலிருந்தே வருகிறது. ஈபேயில் ‘உதிரிபாகத்துக்கு மட்டும்’ என்ற குறிப்போடு வருபவற்றைப் பாருங்கள். பார்ட்லெட் தரமே வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதே 1883 மாடலில் ‘ஸ்டெர்லிங்’, ‘வில்லியம் எலரி’ போன்ற தாழ்ந்த தரங்களும் வந்தன. அவற்றில் கற்கள் குறைவு, மெருகு குறைவு, விலையும் குறைவு, ஆனால் அடிப்படை வடிவமைப்பு ஒன்றே.

விற்பனையாளரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள். வரிசை எண் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று. பேலன்ஸை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படங்கள்; பக்கவாட்டுப் படத்தில் சக்கரம் தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் சம இடைவெளியில் இருக்க வேண்டும். மூன்றாவது, இயந்திரத்தை மெல்ல அசைக்கும்போது பேலன்ஸ் தானாக ஊசலாடி மெதுவாக அடங்கும் ஒரு சிறு வீடியோ. ‘பேலன்ஸ் நன்றாக உள்ளது’ என்று எழுதிவிட்டுப் படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அப்படி ஒருவரிடம் வாங்கிய இயந்திரத்தில் இரண்டு முனைகளும் முறிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிக்காதே:
ஒரு பழைய கடிகாரத்தைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு பழைய கடிகாரத்தைக் கொல்வது எப்படி முறையாகும்? நீங்கள் எல்லாரும் சேர்ந்து பரிந்துரைக்கும் இந்த வழியால் நல்ல நிலையில் இருந்த எத்தனை இயந்திரங்கள் துண்டுதுண்டாகப் போயிருக்கின்றன என்று யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? புதிய ஸ்டாஃபைக் கடைந்து போடுவதுதான் நேர்மையான வேலை.

ஊசல்:
இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஓடும் நிலையில், தன் கேஸோடு இருக்கும் கடிகாரத்தை உதிரிபாகத்துக்காகப் பிரிப்பதை நானும் ஏற்பதில்லை. ஆனால் டயலில் விரிசல், தட்டில் துரு, கேஸ் உருக்கப்பட்டுவிட்டது என்ற நிலையில் இருக்கும் இயந்திரத்தின் கதை வேறு. அதை முழுமையாக்க யாரும் முன்வரப் போவதில்லை. அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்திலிருந்து பேலன்ஸையும் முள்ளையும் சில திருகுகளையும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியில் வரிசை எண்ணோடு பாதுகாத்தால் அது பிறிதொரு நாள் வேறொருவருக்கு உதவும்.

திருகு என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வால்தம் தன் திருகுகளுக்குத் தனக்கென்று மரை வைத்திருந்தது. சுவிஸ் திருகு பார்வைக்கு ஒத்திருந்தாலும் அதைக் கட்டாயப்படுத்தித் திருகினால் தட்டின் மரை கெட்டுவிடும். ஆகவே காணாமல் போன ஒரு திருகுக்குக்கூட அதே நிறுவனத்தின் இயந்திரத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. பிரிக்காதே அவர்களின் வழியில் போனால் ஒவ்வொரு திருகையும் புதிதாகக் கடைய வேண்டிவரும். அதைச் செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர், அதற்குக் கூலி கொடுக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?

பிரிக்காதே:
கேஸ் இழந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை ஏற்றுக்கொள்கிறேன். விற்பனைக்கு வரும் ‘உதிரிபாகக் கடிகாரங்களில்’ பல வெறுமனே எண்ணெய் காய்ந்து நின்றுபோனவை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

மவுண்ட்ரோடு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது டயலில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்’ என்று எழுதிய வெள்ளிப் பாக்கெட் கடிகாரம். நொடிமுள்ளைச் சுழற்றும் நான்காம் சக்கரத்தின் முனை ஒடிந்திருக்கிறது. இயந்திரத்தின் மேல் எந்தப் பெயரும் இல்லை. பி. ஆர் நிறுவனத்தின் உதிரிபாகம் என்று எங்காவது கிடைக்குமா?

ஊசல்:
மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் மதராஸின் புகழ்பெற்ற விற்பனையாளர்கள். டயலில் தங்கள் பெயரை எழுதித் தரச் சொல்லி ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து விற்பது அக்காலத்தில் எல்லாப் பெரிய கடைகளின் வழக்கம். ஆகவே டயலின் பெயர் உதிரிபாகம் தேட உதவாது. உள்ளே இருக்கும் இயந்திரத்தின் அடிப்படை வடிவத்தை, அதாவது எபோஷை, செய்த தொழிற்சாலை எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

டயலை எடுத்துவிட்டு அடித்தட்டைப் பாருங்கள். பேலன்ஸின் கீழேயும் பாருங்கள். சிறு கேடயத்துக்குள்ளோ நட்சத்திரத்துக்குள்ளோ இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கலாம். ஏ. ஷில்ட், ஃபோன்டன்மெலோன் போன்ற தொழிற்சாலைகள் அப்படித்தான் தங்கள் முத்திரையை மறைவாகப் பதித்தன. முத்திரை இல்லையென்றாலும் கவலை இல்லை. சாவி கொடுப்பதற்கும் முள்ளைத் திருப்புவதற்கும் டயலுக்குக் கீழே அமைந்திருக்கும் லீவர்கள், அவற்றின் மேல் அமரும் சிறு எஃகுத் தகடு ஆகியவற்றின் வெளிவடிவம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் கைரேகை மாதிரி தனித்தன்மை கொண்டது. உதிரிபாக வணிகர்களின் பழைய பட்டியல் புத்தகங்களில் இந்த வடிவங்களை அளவு வாரியாகப் படம் போட்டு அடுக்கியிருப்பார்கள். ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் கிடைக்கும். விட்டத்தை லிங்கில் கணக்கிட்டுக்கொண்டு அந்தப் பக்கங்களோடு ஒப்பிடுங்கள்.

சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் தப்பிப்பு அமைப்பு லீவரா சிலிண்டரா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். மலிவான சுவிஸ் பாக்கெட் கடிகாரங்களில் சிலிண்டர் மிகப் பரவலாக இருந்தது. அதில் சிலிண்டரின் முனை ஒடிந்தால் முழு சிலிண்டரையும் மாற்ற வேண்டியதில்லை; இரு முனைகளிலும் செருகியிருக்கும் எஃகு அடைப்பைத் தட்டி எடுத்துப் புதியது போடலாம். உங்களுக்கு ஒடிந்தது நான்காம் சக்கரம் என்பதால், மாதிரி கிடைக்காத பட்சத்தில், முனையைத் துளையிட்டுப் புதிய எஃகுக் கம்பி செருகும் வேலை தெரிந்தவரைத் தேடுவதே குறுக்குவழி. நொடிமுள் அமரும் நீண்ட முனை ஒடிந்திருந்தால் இதுவே வழக்கமான தீர்வு.

நாஞ்சில்சக்கரம்:
மவுண்ட்ரோடு அவர்கள் கவனத்துக்கு: திறக்கும்போது உள்ளே மெல்லிய சங்கிலியும், அது சுற்றிக்கொள்ளும் கூம்பு வடிவ ஃபியூசியும் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆங்கிலக் கடிகாரம். அப்போது மாற்றுப் பாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லங்காஷயரின் பிரெஸ்காட் ஊரில் கரடாகச் செய்யப்பட்ட சட்டகங்கள் லிவர்பூல், காவென்ட்ரி, லண்டன் கைவினைஞர்களிடம் சென்று கையால் முடிக்கப்பட்டன. ஒரே பட்டறையின் இரண்டு கடிகாரங்களுக்குள்கூட ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் பொருந்தாது. சங்கிலி மட்டும் விதிவிலக்கு. நீளமும் அகலமும் ஒத்தால் வேறொன்றின் சங்கிலியைப் போடலாம். இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பெண்களும் சிறுமிகளும் கண் நோகச் செய்த அந்தச் சங்கிலிகளின் கண்ணி ஒன்று அறுந்தால், அதை எடுத்துவிட்டு மீண்டும் ரிவிட் செய்யலாம்.

மவுண்ட்ரோடு:
சங்கிலி இல்லை, சிலிண்டரும் இல்லை, லீவர்தான். படங்களோடு தனி இழை தொடங்குகிறேன். நன்றி.

பழையமுள்:
மீண்டும் என் வால்தத்துக்கு வருகிறேன். பேலன்ஸை எடுத்துவிட்டு, கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் இருக்கும் பேரல் என்ற உருளையைத் திறந்தேன். ஸ்பிரிங் மையத்துக்கு அருகில் இரண்டாக முறிந்திருக்கிறது. நீலநிற எஃகு, வெளிச்சுற்றுகள் கறுத்துப் பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிமுனையில் ஆங்கில டி எழுத்து வடிவத்தில் இரண்டு சிறு கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இதை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

லேத்துமேசை:
அந்தக் கைகளை முதலில் கவனிக்க வேண்டும். அவற்றில் ஒன்று பேரலின் அடியிலுள்ள துளையிலும், மற்றது மூடியிலுள்ள துளையிலும் நுழையும். வேறு சில ஸ்பிரிங்குகளின் முனையில் ஒரு துளை மட்டும் இருக்கும். பேரலின் உட்சுவரில் கொக்கி இருந்தால்தான் அது பிடிக்கும். உங்கள் பேரலில் கொக்கி இல்லாதபோது துளை முனையுள்ளதை வாங்கினால் இப்போது போலவே எவ்வளவு சாவி கொடுத்தாலும் வழுக்கும்.

பிறகு அகலம், தடிமன், நீளம். அகலத்தையும் தடிமனையும் உடைந்த துண்டிலேயே அளந்துவிடலாம். பழைய பட்டியல்களில் தடிமனை டென்னிசன் அளவுகோலின் எண்களில் குறித்திருப்பார்கள். மில்லிமீட்டருக்கு மாற்றும் அட்டவணைகள் உண்டு. உடைந்த ஸ்பிரிங்கை யாரோ தவறாகப் போட்டிருக்கவும் கூடும் என்பதால், மாடல் எண்ணை வைத்துப் பட்டியல் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். ‘கொஞ்சம் தடிமனாக இருந்தால் நன்றாக ஓடும்’ என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஸ்பிரிங்கின் வலிமை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த வேகத்தில் பேலன்ஸ் அளவுக்கு மீறிச் சுழன்று, ரோலரில் இருக்கும் சிவப்புக் கல் அந்தக் கல்லைத் தள்ளிவிடும் கவையான ஃபோர்க்கின் வெளிப்புறத்தில் போய் மோதும். கடிகாரம் குதிரை ஓடுவது போல் ஒலித்துக்கொண்டு மணிக்கணக்கில் முந்தும். நாளடைவில் அந்தக் கல்லும் உடையும்.

நீளம் சரியா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முறுக்கில்லாத நிலையில் ஸ்பிரிங் பேரலின் சுவரோடு ஒட்டிக் கிடக்கும்போது, நடு அச்சைத் தவிர்த்த இடத்தின் பரப்பில் பாதியை அது நிரப்ப வேண்டும். அதைவிட நீளமானால் சுற்றுகளுக்கு இடம் இல்லாமல் ஓட்ட நேரம் குறையும், குட்டையானாலும் குறையும்.

நீல எஃகு ஸ்பிரிங் பழைய கையிருப்பில் உறையோடு கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். நம் கடலோர ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் கிடந்த எஃகில் கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளி ஒன்று போதும், போட்ட சில வாரங்களில் முறியும். அப்படி முறியும்போது சில சமயம் முதல் சக்கரத்தின் பற்களையும் கூட்டிக்கொண்டு போகும். பிற்காலத்தில் வந்த வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங்குகள் துருப்பிடிப்பதில்லை, வளைந்து தளர்வதும் குறைவு. அதே அளவில், அதே டி முனையோடு கிடைக்கின்றன. அசல் நிலையைக் காப்பவர்கள்கூட ஸ்பிரிங் விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பதில்லை, ஏனென்றால் அது அக்காலத்திலேயே அடிக்கடி மாற்றப்பட்ட பாகம்.

டொராண்டோ மணிக்கூடு:
கண்ணாடிக்கும் முள்ளுக்கும் நான் சொல்கிறேன். கண்ணாடி அமரும் வளையத்தின் உள்காடியை மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். நூறாண்டு பழகிய வளையம் சரியான வட்டமாக இருக்காது. பழைய கையிருப்புக் கண்ணாடிகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரிசையாகக் கிடைக்கும். அளந்த அளவும் அதற்கு ஒரு படி மேலும் ஒரு படி கீழுமாக மூன்று வாங்கிவிட்டால் அஞ்சல் செலவு மிச்சம். வளையத்தைக் கையில் பிடிக்கக்கூடிய அளவுக்குச் சூடாக்கி, கண்ணாடியைக் காடியில் அழுத்தினால் ஆறும்போது இறுகிக்கொள்ளும். முகப்புக்கு மேல் மூடி உள்ள கேஸ் என்றால் கண்ணாடியின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். உயரமான கண்ணாடியின் மேல் மூடியை அழுத்தி மூடியவர்கள் பலர் உண்டு.

நொடிமுள்ளுக்கு இரண்டு அளவுகள் போதும்: குழாயின் உள்துளை, நடுவிலிருந்து நுனி வரை நீளம். நுனி, நொடிக் கோடுகளின் நடுவைத் தொட வேண்டும். இருக்கும் மணிமுள்ளும் நிமிடமுள்ளும் மண்வெட்டி வடிவமா, பூவேலைப்பாடுள்ளதா என்று பார்த்து அதே பாணியில் வாங்குங்கள். நீலம் போட்ட எஃகு முள்ளின் பக்கத்தில் பெயின்ட் அடித்த நீல முள்ளை வைத்தால் வெயிலில் பார்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்களுக்குத் தேவையில்லாத எச்சரிக்கைதான், ஆனாலும் வேறு யாராவது இந்த இழையைப் படிக்கக்கூடும்: முதல் உலகப்போர்க் கால இராணுவக் கடிகாரங்களில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ காய்ந்த பூச்சுள்ள முட்களைத் தனியாக விற்பார்கள். அந்தப் பூச்சு ரேடியம். இருட்டில் இப்போது ஒளிராததால் பலர் அதைச் செத்துப்போன பொருள் என்று எண்ணுகிறார்கள். ஒளி தந்த துத்தநாகச் சேர்மம்தான் கெட்டுப்போயிருக்கிறது. ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டுகள். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ ஊதவோ கூடாது.

நாஞ்சில்சக்கரம்:
இந்தியாவுக்குள்ளேயே தேட விரும்பினால் கொல்கத்தாவின் ராதாபஜாரையும் மும்பையின் சோர் பஜாரையும் சொல்வேன். மேசைக்குக் கீழே தகர டப்பாக்களில் சுவிஸ் பாகங்கள் நிறைய இருக்கும், அமெரிக்கப் பாகங்கள் அபூர்வம். அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு, உடைந்த பாகத்தையும் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் பயன். வாயால் விவரித்தால் ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். முழுக் கடிகாரமாக விற்பவற்றில் டயல் மறுபடி அச்சிட்டதும், மூன்று வேறு கடிகாரங்களின் பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்ததும் நிறைய உண்டு. வால்தம் என்று மயங்கும்படியான பெயர்களைப் பொறித்த பழைய சுவிஸ் நகல்களும் கலந்திருக்கும். உங்களுக்கு அவற்றின் ஒரு திருகுகூட உதவாது.

பழையமுள்:
அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலமாக ‘ஸ்டெர்லிங்’ தரத்தில் ஒரு 1883 மாடல் இயந்திரம் வந்து சேர்ந்தது. வரிசை எண் என்னுடையதற்கு நெருக்கமானது. டயல் நொறுங்கியிருக்கிறது, கேஸ் இல்லை, ஆனால் பேலன்ஸ் அழகாக ஊசலாடுகிறது. அதன் பேலன்ஸை முழுமையாக எடுத்து என் இயந்திரத்தில் வைக்கலாமா, அல்லது அதன் ஸ்டாஃபை மட்டும் எடுத்து என் பேலன்ஸில் போடச் சொல்லலாமா? என்னுடைய பேலன்ஸின் அடியில் கீறி எழுதிய எண் ஒன்று இருக்கிறது. அது என் இயந்திரத்தின் எண்ணின் கடைசி இலக்கங்களோடு ஒத்துப்போகிறது.

லேத்துமேசை:
ரிவிட் செய்த ஸ்டாஃபை எடுப்பதென்றால் அதைக் கடைந்து அழித்துத்தான் எடுக்க வேண்டும். எனவே ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் போடும் பேச்சு இல்லை. முழு பேலன்ஸாகவே மாற்றுங்கள். அந்தக் கீறிய எண்ணுக்குக் காரணம், பேலன்ஸின் எடைக்கும் ஹேர்ஸ்பிரிங்கின் வலிமைக்கும் தொழிற்சாலையில் ஒரு ஜோடிப் பொருத்தம் பார்த்திருப்பார்கள் என்பதே. மணிக்கு 18,000 அசைவு என்ற கணக்கு அந்த ஜோடியில்தான் அமைகிறது. எனவே ஸ்டெர்லிங்கின் பேலன்ஸை அதன் சொந்த ஹேர்ஸ்பிரிங்கோடு சேர்த்தே எடுங்கள், பிரிக்காதீர்கள்.

வைக்கும் முன் உங்கள் இயந்திரத்தின் துளைக்கற்கள் இரண்டையும் ஊசி முனையால் மெல்லத் தடவி, லென்ஸில் பாருங்கள். பிவட் முறிந்த அதிர்ச்சியில் கல்லிலும் கீறல் விழுந்திருந்தால் அது புதிய முனையை அரம்போல் தேய்த்துவிடும். அமெரிக்க இயந்திரத்தில் கற்கள் சிறு உலோக வளையத்தில் பதித்துத் திருகால் பிடிக்கப்பட்டவை என்பதால், கீறல் இருந்தால் ஸ்டெர்லிங்கிலிருந்து கல்லை வளையத்தோடு மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு பேலன்ஸை மெயின்ஸ்பிரிங் இல்லாமலே வைத்து, டயல் மேலாகவும் கீழாகவும் பிடித்து, இரு நிலையிலும் தடையின்றி ஊசலாடுகிறதா, மேலும் கீழும் மயிரிழை அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். அசைவே இல்லையென்றால் பேலன்ஸை மேலிருந்து தாங்கும் பாலத்தின் திருகை இறுக்க வேண்டாம். இறுக்கினால் இந்த முனையும் போய்விடும்.

உங்கள் பழைய பேலன்ஸை ஒரு சிறு டப்பாவில் போட்டு, வரிசை எண்ணை எழுதி, கடிகாரத்தோடு வையுங்கள். சரியான பிவட் பருமனில் ஒரு ஸ்டாஃப் பின்னர் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், ரிவிட் செய்து தருகிறேன். அப்போது உங்கள் கடிகாரம் தன் சொந்த பேலன்ஸோடு ஓடும், ஸ்டெர்லிங்கும் தன்னுடையதைத் திரும்பப் பெறும்.

பிரிக்காதே:
இதற்கு என் ஆட்சேபம் ஏதுமில்லை. அந்த ஸ்டெர்லிங்குக்கு ஒரு டயல் என்னிடம் இருக்கிறது, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.